பாதி காட்டின பேட்டரி

எங்க ஊர்ல கரண்ட் வந்தா, கரண்ட் வந்துடுச்சுன்னு யாரும் சொல்றதில்ல. "அரசாங்கம் வந்துடுச்சு"ன்னுதான் சொல்வோம். நின்னுபோனா, "அரசாங்கம் போயிடுச்சு". ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் வரும், மிச்ச இருபத்திரெண்டு மணி நேரம் எங்கயோ போய் உக்காந்துக்கும். எப்ப வரும்னு எந்த மகராசனுக்கும் தெரியாது. அதனால வந்த நிமிஷம் மொத்த கட்டடத்துக்கும் பேய் பிடிச்ச மாதிரி ஆயிடும். ஒருத்தி வாஷிங் மெஷினைப் போடுவா, ஒருத்தன் வெந்நீர் ஹீட்டரைப் போடுவான், இன்னொருத்தி கசங்காத துணியையும் எடுத்து இஸ்திரி போடுவா. தேவை இருக்கா இல்லையான்னு யோசிக்கிற வழக்கமே கிடையாது. மூளையைக் கேக்காமலே கை ஸ்விட்சுக்குப் போயிடும். முப்பது வருஷமா எங்களுக்கு இருக்கற வியாதி இது. முதல்லயே சொல்லி வைக்கிறேன், ஏன்னா நான் சொல்லப்போறது இந்த வியாதி பிடிச்ச ஒரு பொம்பளையோட கதை.

என் பேரு வஜீஹா. பெய்ரூட்ல, ஃபுர்ன் எல் ஷெப்பாக்ல, ஒரு எட்டு மாடிக் கட்டடத்துல ஏழாவது மாடி. என் வீட்டுக்காரர் நக்லே முப்பத்திநாலு வருஷம் அரசாங்க மின்சார ஆபீஸ்ல கன்ட்ரோல் ரூம்ல இருந்தவரு. எந்தத் தெருவுக்கு எப்ப கரண்டை நிறுத்தணும்னு ஒரு பெரிய பலகையைப் பாத்து ஸ்விட்சைத் தட்டணும், அதான் வேலை. சாயங்காலம் ரேடியோவுக்கு அறிக்கை எழுதிக் குடுக்கறதும் அவருதான். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மின்சாரம் தடைபட்டுள்ளது." எண்ணெய்க் கப்பல் வரலையா, தொழில்நுட்பக் கோளாறு. யாரோ ஒரு பெரிய மனுஷன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு தெரு கரண்டை வளைச்சு விட்டாங்களா, தொழில்நுட்பக் கோளாறு. ஸ்விட்சு பக்கத்துல இருந்தவன் தூங்கிட்டானா, அதுவும் அதேதான். "ஏங்க, இந்தக் கோளாறுக்கு ஒரு பென்ஷனாவது குடுங்க, உங்களைவிட அதிகமா உழைக்குது"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "உண்மையைச் சொன்னா ஜனங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்குக் கோவம் வரும் வஜீஹா. கோளாறு மேல யாருக்கும் கோவம் வராது"ம்பாரு. என்னவோ பெரிய ஞானி மாதிரி.

பேங்குங்க கதவைச் சாத்தி, பணத்துக்கு மதிப்பில்லாமப் போன பிறகு அவரோட பென்ஷன் காபிப்பொடி வாங்கத்தான் ஆச்சு. பென்ஷனைப் பாத்து சிறுநீரகத்துக்கும் ஆசை வந்துடுச்சு போல, ரெண்டும் ஒரே வருஷத்துல வேலையை நிறுத்திடுச்சு. திங்கள், புதன், வெள்ளி, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். காலையில ஏழு மணிக்கு இறங்கணும், மத்தியானம் ஒரு மணிக்கு ஏறணும். இறங்கறது பரவால்ல. ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வர்ற மனுஷன் முகத்துல ரத்தமே இருக்காது. பிரஷர் இறங்கி, கால் துணி மாதிரி தொய்ஞ்சு வருவாரு. ஏழு மாடி, நூத்தி முப்பத்திரெண்டு படி. ஒரு தடவ மூணாவது மாடியில மயங்கி விழுந்து நெத்தியைப் பிளந்துக்கிட்டாரு. "அடுத்த தடவ இப்படி படியில ஏத்தினா, கூட்டிட்டு வராதீங்க, நேரா பாதிரியாரைக் கூப்பிட்டுடுங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. அவருக்கும் என்னை மாதிரிதான் வாய்.

அதனால எனக்கு லிஃப்ட் ஓடணும். உலகத்துல வேற ஒண்ணும் வேணாம். லிஃப்ட் ஓடணும்.

கட்டடத்துக்குப் பொதுவா மாடியில சோலார் பலகை போட்டு, கீழ காலியா கிடந்த வாட்ச்மேன் ரூம்ல பேட்டரி வைக்கலாம்னு கூட்டம் போட்டோம். கூட்டத்தைப் பத்தி என்னத்தைச் சொல்ல. நாலாவது மாடிக்காரங்க மான்ட்ரியல்ல இருக்காங்க, பத்து வருஷமா இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கல. அங்க பனியில உறைஞ்சுக்கிட்டே வெயில் எந்தப் பக்கம் விழும்னு எங்களுக்கு வாட்ஸ்அப்ல குரல் அனுப்பினாங்க. ரெண்டாவது மாடி தன்னூஸ் ரிட்டயரான வக்கீல், எல்லாருக்கும் உஸ்தாத், அதாவது ஐயா, கட்டடக் கமிட்டித் தலைவர். "லிஃப்ட் ஆடம்பரம். முதல்ல எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜும் ஓடணும். கடவுள் கால் எதுக்குக் குடுத்திருக்காரு?"ன்னு கேட்டாரு.

"உஸ்தாத், ரெண்டாவது மாடியில இருக்கறவங்களுக்குக் குடுத்த காலும் ஏழாவது மாடிக்காரங்களுக்குக் குடுத்த காலும் வேற வேறங்க"ன்னேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் எங்கூடப் பேசல. நிம்மதியா இருந்துச்சு.

பலகை மாட்ட வந்தவன் பாஸெம். மூணு வருஷத்துக்கு முன்னாடி வரை டிஷ் ஆன்டெனா மாட்டிக்கிட்டிருந்தவன். எங்க நாட்ல டிஷ் மாட்டினவன், செல்போன் கடை வச்சவன், கல்யாணத்துல மைக்செட் கட்டினவன் எல்லாரும் ஒரே வாரத்துல சூரிய மின்சார இன்ஜினியர் ஆயிட்டானுங்க. இருந்தாலும் கெட்டவன் இல்ல. வேலையைச் சுத்தமாத்தான் பண்ணினான். ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து ஆம்பியர், தண்ணி மோட்டார், லிஃப்ட். எல்லாம் ஒரே பேட்டரியிலேர்ந்து. கீழ லிஃப்ட் வாசல்ல ஒரு திரை வச்சான், பேட்டரி எத்தனை சதவீதம்னு காட்டும். அதே நம்பர் எல்லார் போன்லயும் வரும்.

"பேட்டரி இருபதுக்குக் கீழ போனா லிஃப்டை முதல்ல துண்டிச்சுடும் ஆன்ட்டி. அது இழுக்கற இழுப்பு அப்படி. இல்லேன்னா பேட்டரி செத்துடும்"ன்னான்.

"துண்டிச்சா லிஃப்ட் எங்க போய் நிக்கும்?"

"எங்க இருக்கோ அங்கயே."

"உள்ள ஆள் இருந்தா?"

"ஆளும் அங்கயேதான்."

இன்ஜினியர்னா இப்படி இருக்கணும்.

பேட்டரி வந்த முதல் நாள் பதினோரு மணிக்குத் திரையில நூறு காட்டுச்சு. அவ்வளவுதான். கட்டடமே அரசாங்கம் வந்துட்டதா நினைச்சுக்கிச்சு. ஆறாவது மாடி ரோலா வீட்லயே முடி அலங்காரம் பண்றவ, மூணு பொம்பளைங்க தலையில ஒரே நேரத்துல ட்ரையர் போட்டா. தன்னூஸ் வெந்நீர் ஹீட்டரைப் போட்டுட்டுக் குளிக்காமலே உக்காந்திருந்தாரு. மூணாவது மாடி உம் நிக்கோலா, அதாவது நிக்கோலாவோட அம்மா, மூணு பாத்திரம் கழுவறதுக்கு டிஷ்வாஷர் போட்டா. பேட்டரின்னா இன்னைக்கு வச்சிருந்து நாளைக்கு எடுத்துக்கறதுன்னு பாஸெம் தொண்டை கிழியச் சொல்லியிருந்தான். யார் காதுல ஏறும்? நான் எடுக்கலேன்னா அடுத்த வீட்டுக்காரன் எடுத்துடுவான், அதுக்கு நானே எடுத்துடறேன்னு எட்டு மாடியும் நினைச்சா, மத்தியானம் ஒரு மணிக்கு என்ன மிஞ்சும்? பதினெட்டு மிஞ்சுச்சு.

அன்னைக்கு நக்லே டயாலிசிஸ் முடிஞ்சு வந்து, லிஃப்ட் வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. வெயில் பேட்டரியை மறுபடி முப்பதுக்குக் கொண்டு வர்ற வரைக்கும். போறவங்க வர்றவங்க எல்லாரும் "கடவுள் சுகம் குடுக்கட்டும் நக்லே"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ரோலாகிட்ட தலையைக் காயவச்சுக்கிட்டு இறங்கி வந்த பொம்பளைங்ககூட சொன்னாங்க. படிக்கட்டு முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினேன். யார் யார் வீட்ல என்னென்ன ஓடுதுன்னு பேர் சொல்லிக் கத்தினேன். ஒருத்தர் கதவும் திறக்கல. இதே மாதிரி ஒரு மாசம் போச்சு.

ஒரு நாள் நக்லே பாஸெமைக் கூப்பிட்டு உக்கார வச்சு காபி குடுக்கச் சொன்னாரு.

"அந்தத் திரையில காட்டற நம்பரை நீ மாத்த முடியுமா?"

"என்னன்னு அங்கிள்?"

"பாதி. நிஜத்துல நூறு இருந்தா அம்பது காட்டணும். எண்பது இருந்தா நாப்பது."

பாஸெம் காபியைக் கீழ வச்சுட்டான். "அங்கிள், இது மோசடி இல்லையா?"

"மோசடி இல்ல, நிர்வாகம். நூறுன்னு காட்டினா எல்லாரும் வாயை வைப்பாங்க. முப்பதுன்னு காட்டினா கையைக் கட்டிக்கிட்டு உக்காருவாங்க. நான் இந்த நாட்டையே முப்பத்திநாலு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன்."

"நாடு ஓடலையே அங்கிள்."

"எட்டு மாடி ஓடும்"னாரு.

ஓடுச்சு. அடுத்த நாள்லேர்ந்து லிஃப்ட் ஒரு தடவகூட நிக்கல. திரை அம்பதைத் தாண்டவே இல்ல, எட்டு மாடியும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சுது. தன்னூஸ் படிக்கட்டு விளக்கை அணைச்சுக்கிட்டே நடந்தாரு. ரோலா வந்தவங்களை பால்கனியில வெயில்ல உக்கார வச்சு முடி காயவச்சா. உம் நிக்கோலா பாத்திரத்தைக் கையால கழுவ ஆரம்பிச்சா. உண்மை தெரிஞ்சது மூணே பேருக்கு. நக்லேவுக்கு, பாஸெமுக்கு, எனக்கு. நான் எப்படி இருந்திருப்பேன்னு நினைக்கிறீங்க? மகாராணி மாதிரி இருந்தேன். போனை எடுப்பேன், முப்பத்தஞ்சு காட்டும், அப்ப எழுவதுன்னு மனசுக்குள்ள ரெண்டால பெருக்குவேன், இஸ்திரியைப் போடுவேன். பேராசை பிடிச்ச ஜென்மங்கள், இவங்களுக்கு இப்படித்தான் வேணும்னு நினைச்சுப்பேன். நக்லே மட்டும் இஸ்திரி சத்தம் கேட்டா என்னைப் பாப்பாரு. "பாத்துக்க வஜீஹா"ம்பாரு. "எல்லாம் எனக்குத் தெரியும்"பேன்.

போன ஏப்ரல் மாசம், ஒரு செவ்வாக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டற சத்தம் கேட்டுத் திறந்தா, உம் நிக்கோலா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறா. கையில ஒரு பாட்டில் அத்திப்பழ ஜாம். சிறுநீரகத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் நக்லேவை அத்திமரத்தைப் பாக்கவே விடமாட்டாரு, அவளுக்கு அது நல்லாத் தெரியும், இருந்தாலும் கொண்டு வருவா. எழுபத்தொரு வயசு. ரெண்டு முட்டியிலயும் வலி. அவ வீடு மூணாவது மாடி.

"லிஃப்ட் ஓடுதே, எதுக்கு நடந்து வந்த?"ன்னு கேட்டேன்.

"நாளைக்குப் புதன்கிழமையாச்சே. நக்லே இறங்கணும், ஏறணும். நம்பர் பாத்தியா, இருபத்தி ஒன்பதுல நிக்குது. ரெண்டு நாளா வானம் வேற மஞ்சளா, புழுதியா கிடக்கு. நான் ஒரு தடவ ஏறி இறங்கினா அதுல ஒண்ணு குறைஞ்சுடாதா? அதான் செவ்வா, வியாழன், ஞாயிறு நான் லிஃப்டைத் தொடறதே இல்ல."

"நல்ல மனசு உனக்கு"ன்னு சொல்லி அனுப்பி வச்சேன். கதவைச் சாத்தினதும் சிரிப்பை அடக்க முடியல. நக்லே உள் ரூம்ல சோபாவுல படுத்திருந்தாரு.

"கேட்டீங்களா? இருபத்தி ஒன்பதாம். அம்பத்தெட்டு இருக்கு, கிழவி படியேறி வர்றா. நம்ம வீட்ல எத்தனை விளக்கு எரியுதுன்னு எண்ணிப் பாக்க வந்திருக்கா, ஜாம் ஒரு சாக்கு."

அவரு சிரிக்கல. "இறங்கும்போதும் நடந்துதான் போனாளா?"ன்னு கேட்டாரு.

"நடக்கட்டும், உடம்புக்கு நல்லது"ன்னுட்டு நான் சமையல் பாக்கப் போயிட்டேன். அவரு போன்ல யார்கிட்டயோ மெதுவாப் பேசிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. யாருன்னு கேக்கல. கேட்டிருக்கணும்.

புதன்கிழமை காலையில அவரை லிஃப்ட்ல இறக்கி, டாக்ஸியில ஏத்தி விட்டுட்டு மேல வந்தேன். பாலைவனத்துப் புழுதி ஜன்னல் கண்ணாடியில மாவு சலிச்ச மாதிரி படிஞ்சிருந்துச்சு. சூரியன் எங்க இருக்குன்னே தெரியல. போனை எடுத்துப் பாத்தேன். நாப்பத்திநாலு. அப்ப எண்பத்தெட்டு. நேத்து அம்பத்தெட்டு இருந்துச்சே, வெயிலே இல்லாம எப்படி ஏறுச்சுன்னு ஒரு நொடி தோணுச்சு. ராத்திரி அரசாங்கம் வந்து நிரப்பிட்டுப் போயிருக்கும்னு நானே பதில் சொல்லிக்கிட்டேன். முப்பது வருஷத்துல முதல் தடவையா நான் அரசாங்கத்தை நம்பினது அன்னைக்குத்தான்.

எண்பத்தெட்டுன்னதும் கை தானாப் போச்சு. வாஷிங் மெஷினைப் போட்டேன், வெந்நீர்ல. அது முடிஞ்சதும் ஹீட்டர். அப்புறம் இஸ்திரி, படுக்கை விரிப்புக்குக்கூட. பன்னெண்டு மணிக்கு ஒரு எண்ணம். டயாலிசிஸ் முடிஞ்சு வர்ற அன்னைக்கு அவரு எதையும் வாயில வைக்க மாட்டாரு, ஸஃபூஃப் மட்டும் ரெண்டு துண்டு தின்பாரு. ரவையும் மஞ்சளும் சோம்பும் போட்டுத் தட்டுல எள்ளு விழுது தடவிச் சுடற கேக். கேஸ் விக்கிற விலைக்கு அடுப்புல சுட முடியுமா? கரண்ட் ஓவனைப் போட்டேன். மாவைக் கலக்கும்போது பாட்டு வேற பாடினேன். எட்டு மாடியிலயும் எனக்கு மட்டும்தான் நிஜம் தெரியும்ங்கற தெனாவட்டு.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழ யாரோ இரும்புக் கதவைத் தட்டற சத்தம். அப்புறம் ரோலாவோட குரல்.

"வஜீஹா அக்கா, சீக்கிரம் வாங்க. லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள அங்கிள் இருக்காரு."

என் வீட்ல விளக்கு எரிஞ்சுது, ஓவன் ஓடுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. ஏப்ரனோடயே ஓடினேன். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல லிஃப்ட் தொங்கிக்கிட்டிருந்துச்சு. அஞ்சாவது மாடிக் கதவு இடுக்கு வழியாப் பாத்தா, கீழ இருட்டுல அவரு தரையில உக்காந்து, தலையைச் சுவத்துல சாய்ச்சுக்கிட்டிருந்தாரு. சட்டைக் கை மடிச்சபடி, ஊசி குத்தின இடத்துல பஞ்சு.

"தலை சுத்துதா?"ன்னு கேட்டேன்.

"கொஞ்சம். உக்காந்திருக்கேன், ஒண்ணுமில்ல. நீ பதறாத."

பதறாம? பிரஷர் இறங்கினா இந்தப் பெட்டிக்குள்ள என்ன பண்றது, யாரால உள்ள இறங்க முடியும், பாதிரியார்னு அந்த டாக்டர் சொன்ன வார்த்தை மட்டும் மண்டைக்குள்ள சுத்திச் சுத்தி வந்துச்சு. பயம் வந்தா எனக்குக் கோவம்தான் முதல்ல வரும். படிக்கட்டைப் பாத்துத் திரும்பினேன். தன்னூஸ், உம் நிக்கோலா, ரோலா மூணு பேரும் நின்னுக்கிட்டிருந்தாங்க.

"எந்தப் பாவிங்க இப்படி உறிஞ்சினது? புதன்கிழமைன்னு தெரியாதா? அவரைக் கொன்னுட்டுத்தான் ஓய்வீங்களா?"

யாரும் திருப்பிக் கத்தல. அதுதான் எனக்கு முதல்ல விசித்திரமா பட்டுச்சு.

"நான் காலையிலேர்ந்து ஃப்ரிட்ஜையே பிடுங்கி வச்சிருக்கேன் வஜீஹா. புதன்கிழமைன்னா எப்பவும் பிடுங்கிடுவேன்"னாரு தன்னூஸ். ஃப்ரிட்ஜ்தான் முக்கியம், கால் எதுக்கு இருக்குன்னு கேட்ட அதே தன்னூஸ்.

"நான் டயாலிசிஸ் நாள்ல ட்ரையரைத் தொடறதே இல்லக்கா. வேணும்னா வந்து பாருங்க, இன்னைக்கு ஒரு கல்யாணப் பொண்ணையே நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன்"னா ரோலா.

உம் நிக்கோலா முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு நின்னா. அவ மூணாவது மாடியிலேர்ந்து ஏறி வந்திருந்தா, அதுவே போதும்.

"எனக்கு ஒண்ணு புரியல. நேத்து ராத்திரி படுக்கும்போது நம்பர் திடீர்னு அம்பத்தெட்டுக்கு ஏறுச்சே"ன்னா ரோலா. "சாயங்காலம் இருபத்தி ஒன்பது. அரசாங்கமும் வரல. நான் முழிச்சிருந்தேன், வரவே இல்ல."

இருபத்தி ஒன்பது. அம்பத்தெட்டு. திரை நேத்து ராத்திரியிலேர்ந்து உண்மையைக் காட்டுது. நேத்து சாயங்காலம் நக்லே மெதுவாப் பேசின அந்தப் போன் பாஸெமுக்கு. காலையில நான் பாத்த நாப்பத்திநாலு, வெறும் நாப்பத்திநாலு.

"அப்ப யாரு இழுத்தது? நாலாவது மாடியா?"ன்னு தன்னூஸ் கேட்டாரு.

"அவங்க மான்ட்ரியல்ல இருக்காங்க உஸ்தாத்"னா ரோலா.

அப்பத்தான் அது வந்துச்சு. மேலேர்ந்து, படிக்கட்டு வழியா, லிஃப்ட் கூண்டு வழியா மெதுவா இறங்கி வந்துச்சு. மஞ்சள், சோம்பு, சூடான எள்ளு. லிஃப்ட்தான் நின்னுச்சு, வீட்டுக் கரண்ட் நிக்கலையே, என் ஓவன் தன் வேலையைக் குறையில்லாமப் பாத்துக்கிட்டிருந்துச்சு. உம் நிக்கோலா மூக்கை லேசா உயர்த்தினா. ரோலா என் ஏப்ரனைப் பாத்தா. என் விரல் பத்துலயும் ரவை ஒட்டியிருந்துச்சு. நான் கையை முதுகுக்குப் பின்னால மறைச்சேன், சாக்லெட் திருடின சின்னப்புள்ள மாதிரி. அறுபத்தாறு வயசுல.

வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல. 

லிஃப்டுக்குள்ளேர்ந்து நக்லே பேசினாரு. களைச்ச குரல்தான், ஆனா அந்தப் பழைய ரேடியோ அறிக்கைத் தோரணை அப்படியே இருந்துச்சு.

"உஸ்தாத் தன்னூஸ், கேக்குதா? இது தொழில்நுட்பக் கோளாறு. முப்பத்திநாலு வருஷ அனுபவத்துல சொல்றேன். இதுக்கு யாரும் பொறுப்பில்ல."

அவருக்கும் வாசனை வந்திருக்கும். எல்லாரையும்விட முதல்ல அவருக்குத்தான் வந்திருக்கும், இருட்டுல தனியா உக்காந்திருந்தவருக்கு.

தன்னூஸ் என்னைப் பாத்தாரு. நாப்பது வருஷம் கோர்ட்ல நின்ன மனுஷன், குற்றவாளி யாருன்னு பாத்தாலே தெரியும். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டாரு.

"கோளாறுன்னா கோளாறுதான். ரோலா, டார்ச்சை எடு. மொட்டை மாடி ரூம்ல ஒரு சக்கரம் இருக்கு, கையால சுத்தினா பெட்டி மேல வரும்."

அறுபத்தெட்டு வயசு ஆளு, மொட்டை மாடிக்கு ஏறிப்போய் அந்தச் சக்கரத்தைச் சுத்தினாரு. ரோலாவும் கூடச் சுத்தினா. பெட்டி விரல் விரலா ஏறுச்சு. அஞ்சாவது மாடிக்கு வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷமும் உம் நிக்கோலா கதவு இடுக்குல வாயை வச்சு நக்லேகிட்ட ஏதேதோ பேசிக்கிட்டே இருந்தா, அவரு தூங்கிடக் கூடாதுன்னு. மகன் நிக்கோலா சின்ன வயசுல சோப்பைத் தின்ன கதை, மூணு தடவ சொன்னா. நான் பக்கத்துல தரையில உக்காந்திருந்தேன்.

கதவைத் திறந்ததும் சமையல் நாற்காலியில உக்கார வச்சு, தன்னூஸ் ஒரு பக்கம், ரோலா ஒரு பக்கம் பிடிச்சு மேல தூக்கிட்டு வந்தாங்க. சோபாவுல படுக்க வச்சுக் காலைத் தலகாணி மேல உயர்த்தினோம். அரை மணி நேரத்துல முகத்துக்குக் கொஞ்சம் நிறம் வந்துச்சு. அப்பத்தான் நான் ஓவனை நிறுத்தினேன்.

கேக் ஓரத்துல கொஞ்சம் கருகியிருந்துச்சு. வேற என்ன பண்றது, வெட்டித் தட்டுல வச்சு நீட்டினேன். எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாது, பழக்கமில்ல. கேக்கை நீட்டத்தான் தெரியும். ரோலா ஒரு துண்டு எடுத்தா. தன்னூஸ் ரெண்டு எடுத்தாரு, ஃப்ரிட்ஜ் நின்னதுல வீட்ல சாப்பாடு கெட்டிருக்கும். உம் நிக்கோலா ஒரு கடி கடிச்சு, கண்ணை மூடி மென்னு முழுங்கினா.

"ஏண்டி வஜீஹா, தொழில்நுட்பக் கோளாறு ரொம்ப நல்லா வெந்திருக்கு"ன்னா.

நக்லேதான் முதல்ல சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும். நானும் சிரிச்சேன், அடுத்த நிமிஷமே அழுதேன். யாரும் பாக்காத மாதிரி கேக்கைப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

அவங்க போன பிறகு அவரு பக்கத்துல உக்காந்தேன்.

"திரையை மாத்தினதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அந்தம்மா நாலு மாடி ஏறி, நாலு மாடி இறங்கினா வஜீஹா. ஆபீஸ்ல நான் ஏமாத்தினவங்க யார் முகத்தையும் பாத்ததில்ல. இவ முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நம்ம கதவுல நின்னா."

"அது சரி. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவ. டயாலிசிஸுக்கு முந்தின நாள் கத்தலைக் கேக்க எனக்குத் தெம்பில்ல. வந்து சொல்லிக்கலாம்னு நினைச்சேன்."

தட்டைக் கழுவப் போயிட்டேன். குழாயைத் திறந்து விட்டு, தண்ணி ஓடற சத்தத்துல கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில திரை அம்பத்தொண்ணு காட்டுச்சு. நான் ரெண்டால பெருக்கல. நக்லேவை லிஃப்டுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு, கைப்பையை மாட்டிக்கிட்டுப் படியில இறங்க ஆரம்பிச்சேன். மூணாவது மாடியில உம் நிக்கோலா குப்பைப் பையோட வெளிய வந்தா. மூச்சு வாங்கிக்கிட்டு வர்ற என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"லிஃப்ட் ஓடுதேடி, எதுக்கு நடந்து வர்ற?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு"ன்னேன். அவ கையிலிருந்த குப்பைப் பையை வாங்கிக்கிட்டுக் கீழ இறங்கினேன்.